ஆரனுக்கு ஒரு பேட்டரி

"ஒரு பக்கம் பேட்டரியக் கட்டி, மறுபக்கம் கல்லைக் கட்டுவியா? கழுதை என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒத்தப் பக்கம் கட்டுனா பொதி சாயும்ல மதினி? பெரிய பேட்டரின்னா கனமாத்தான் இருக்கும். ஈட்டுக்குக் கல்லு வச்சுத்தான் ஆகணும்."

"அந்தக் கல்லுக்குப் பதிலா இன்னொரு பேட்டரி இருந்துட்டுப் போகட்டுமே. சின்னதா ரெண்டு வாங்கு. பக்கத்துக்கு ஒண்ணு."

"வண்டிக்குத் தோதா பேட்டரி வாங்குவாகளா, கழுதைக்குத் தோதா வாங்குவாகளா?"

போடியில் மோட்டார் பட்டறை வைத்திருந்த பிச்சைமணிக்கு உள்ளே வேலை ஓடவில்லை. வாசலில் எட்டிப் பார்த்தார். ஏலக்காய்ப் பொதியை மண்டியில் இறக்கிவிட்டு வந்த கழுதை ஒன்று நடுவில் நின்றது. அதற்கு இந்தப் பக்கம் மலையடிவாரத்துக் குரங்கணியிலிருந்து வந்த சுந்தரம்மாள், அந்தப் பக்கம் அவள் கொழுந்தன் சுருளிவேல்.

அது 1927-ஆம் வருஷம். சுற்றுவட்டாரத்தில் கார் வைத்திருந்தவர்கள் எல்லாரையும் பிச்சைமணிக்குத் தெரியும். இந்த அம்மாளை மட்டும் தெரியவில்லை.

சுந்தரம்மாள் ஒரு பழைய பேட்டரியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "இது செத்துப்போச்சுண்ணே. வேற வேணும். இன்னைக்கே வேணும்."

"என்ன வண்டி தாயி?"

"ரெண்டு பேரு உக்கார்றது. பந்தயத்துல ஓடுன வண்டியாம். தோட்டத்துத் துரை சீமைக்குப் போகும்போது எங்க வீட்டுக்காரருக்குக் குடுத்துட்டுப் போனாரு."

பிச்சைமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பந்தய வண்டியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்.

"டைனமோ சார்ஜ் குடுக்குதா?"

"இல்லண்ணே."

"ராத்திரி லைட்டு போடுவீகளா?"

"லைட்டு எதுக்கு?"

"அப்ப பேட்டரி எதுக்குத்தான்?"

"ஆரனுக்கு."

பிச்சைமணி சிரித்தேவிட்டார். "ஆரனுக்கு மட்டுமா? ரப்பர் பந்து ஆரன் ஒண்ணு தர்றேன். பாம் பாம்னு அமுக்கிக்கிட்டுப் போங்க."

"அது பத்தாதுண்ணே. துரை வண்டி ஆரன் கணீர்னு இருக்கும். எம் மக பொன்னுமணி மேல காட்டுல ஏலம் பறிக்கப் போயிருக்கா. இன்னைக்குச் சாயங்காலம் இறங்குறா. அவ வரும்போது ஆரன் அடிக்கணும்."

"மக என்ன மகாராணியா?"

"எனக்கு மகாராணிதான்."

ஏலக்காய்க்கு நல்ல விலை கிடைத்தால் ஆட்களுக்கு இப்படித்தான் ஆகிவிடுகிறது என்று பிச்சைமணி நினைத்துக்கொண்டார். ஆனாலும் தொழிலில் பொய் சொல்ல அவருக்கு வராது.

"ஏப்பா, உங்க மதினி சொல்றதுதான் சரி. டைனமோ வேலை செய்யாத வண்டியில எம்புட்டுப் பெருசு வச்சாலும் சார்ஜ் இறங்கித்தான் போகும். சின்னதா ரெண்டு எடுத்துக்க. ஒண்ணு வண்டியில இருக்கட்டும். ஒண்ணை இங்க அனுப்பு, ஆயில் இஞ்சின்ல சார்ஜ் ஏத்தித் தர்றேன். மாத்தி மாத்திப் போட்டுக்க."

"கழுதைக்குத் தோதானது வண்டிக்கும் தோதாயிருச்சா?" என்று சுந்தரம்மாள் கொழுந்தனைப் பார்த்தாள். பிறகு பிச்சைமணியைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நல்லா இருப்பீகண்ணே. நீங்களே வந்து மாட்டிக் குடுத்துட்டா எந்தக் காலத்துக்கும் மறக்க மாட்டேன்."

அந்தக் கும்பிடு கொஞ்சம் அதிகமாகவே பட்டது. இருந்தாலும் பந்தய வண்டியைப் பார்க்கும் ஆசை விடவில்லை. பட்டறையைச் சாத்திவிட்டுக் கிளம்பினார்.

திராவகம் தளும்பாமல் கழுதையை நடத்த வேண்டியிருந்தது. சுந்தரம்மாள் மலையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. "வெரசா வாங்கண்ணே" என்பதைத் தவிர அவள் வேறு பேசவில்லை.

"வண்டிய ஒரு சுத்து ஓட்டிப் பாக்கலாமாப்பா?" என்று பிச்சைமணி சுருளிவேலிடம் மெதுவாகக் கேட்டார்.

"உக்காந்து பாக்கலாம்ணே" என்றான் அவன்.

குரங்கணி போய்ச் சேர்ந்தபோது மேகம் அடிவாரம் வரைக்கும் இறங்கியிருந்தது. மலை இருந்த இடமே தெரியவில்லை. ஒற்றையடிப் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு ஓலைக் கொட்டகை. உள்ளே வண்டி.

பிச்சைமணி அப்படியே நின்றுவிட்டார். நாலு சக்கரமும் இல்லை. வண்டி கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. மூடியைத் தூக்கினார். இஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"என்ன தாயி, ஆளை வச்சு விளையாடுறியா? இது எந்தக் காலத்துல ஓடும்?"

"முதல்ல மாட்டுங்கண்ணே. கும்புடுறேன்."

முணுமுணுத்துக்கொண்டே வயரைப் பூட்டினார். சுந்தரம்மாள் ஏறி உட்கார்ந்து ஆரனை அழுத்தினாள். கொட்டகை அதிர்ந்தது. கோழி பறந்தது. அவள் கையை எடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தாள். ஒன்றும் இல்லை. மறுபடியும் அழுத்தினாள். மறுபடியும்.

மேலே எங்கோ, வெள்ளைப் புகைக்குள்ளிருந்து, மெல்லிசாக ஒரு குரல் வந்தது. "ஆத்தா... கேக்குது, அடிச்சுக்கிட்டே இரு... வழி தெரிஞ்சிருச்சு."

ஒருத்தி முந்தானையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, ஏலம் பறிக்கப் போன பெண்கள் மூடுபனிக்குள்ளிருந்து வரிசையாக வந்தார்கள். முன்னால் பொன்னுமணி. ஒவ்வொருத்தியும் அந்த ஓடாத வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போக, பிச்சைமணியின் இரண்டு கைகளும் தாமாகக் குவிந்தன.

ஓடாமல் நின்றே ஊரைக் காப்பாற்றிய வண்டி ஏதாவது உங்கள் பக்கத்தில் இருந்ததா? இருந்தால் தயவுசெய்து எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.