ஆளில்லாத கல்லறை

நகராட்சிக் கல்லறைத் தோட்டத்தில், போரில் செத்த சிப்பாய்களைப் புதைத்த வரிசைக்கு அடியில் ஒரு பெருச்சாளி வளை தோண்டியது. ஒரு கல்லுக்குக் கீழே மட்டும் வெறும் மண்தான் இருந்தது, எலும்பே இல்லை.

பெருச்சாளி மேலே வந்து அந்தக் கல்லிடம், “உனக்கடியில் ஆளே இல்லையே?” என்று கேட்டது.

“உடல் கிடைக்கவில்லை. பெயரை மட்டும் வெட்டி என்னை நட்டுவிட்டார்கள்,” என்றது கல். “அவனுடைய அம்மா இன்று வருவாள். அவளுக்கு இது தெரியாது. நீ வாயைத் திறந்துவிடாதே.”

பெருச்சாளிக்குப் பாவமாக இருந்தது. வளைக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டது. சாயங்காலம் அந்தத் தாய் வந்து உட்கார்ந்து, புல்லைத் தடவிக்கொடுத்தாள்.

“சாப்பிட்டியாப்பா?”

பெருச்சாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. அதைச் சுற்றி, யாருமே வந்து பார்க்காத சவக்குழிகளிலிருந்தெல்லாம் ஒன்றாகப் பதில் வந்தது.

“சாப்பிட்டேம்மா.”