கடைசி மாதிரி

சாயங்கால வெயில் ஆய்வுக்கூடத்துத் தராசின் மேல் சாய்ந்து கிடக்கிறது. ஆறு மணலை நகர்த்தும் விதத்தை ஆராயும் மாணவி, மின் அடுப்பில் உலர்த்திய கடைசி மாதிரியைத் தட்டில் கொட்டுகிறாள். காலிப் பையின் மேல் படகோட்டியின் கோணல் எழுத்தில் தேதி இருக்கிறது. இவள் கேட்டாளென்று வெள்ளத்தில் போய் அள்ளிவந்தவர், மணலைக் கரையில் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போதுதான் படகு கவிழ்ந்து இறந்துபோனார். அவர் மனைவி மேசைக்கு எதிரே நிற்கிறாள். “இதுக்காகவா போனாரு?” “ஆமாங்கக்கா,” என்கிறாள் மாணவி. “தொட்டுப் பாக்கட்டுமா?” தொட்டால் எடை தப்பிவிடும்; அந்த நாள் வெள்ளத்துக்கு வேறு மாதிரியும் கிடையாது. “தொடுங்கக்கா.” அவள் ஒரு பிடி அள்ளுகிறாள். மணல் விரலிடுக்கில் மெல்லிய இரைச்சலோடு வழிந்து, கொஞ்சம் தட்டிலும் கொஞ்சம் தரையிலும் விழுகிறது. உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். “ஒரு சொட்டு ஈரம்கூட இல்லையேம்மா.”