மகள் ஊர் வானிலை

நாகர்கோவிலில் அந்தத் தெருவில் மற்றவர்களெல்லாம் வீட்டுக் கண்ணாடி அறையில் தக்காளி வளர்த்தார்கள், வத்தல் காயப்போட்டார்கள். ஞானசிகாமணி மட்டும் அதற்குள் தன் மகளின் வானிலையை வைத்திருந்தார். ஜெனிபா எந்த ஊரில் இருக்கிறாளோ அந்த ஊர்க் குளிரும் மழையும் அப்படியே அறைக்குள் இறங்கும். கல்யாணப் பேச்சில் சண்டை போட்டுக்கொண்டு சிம்லாவுக்குப் போனவள், அதன்பின் அப்பாவின் போனை எடுப்பதேயில்லை. ஆனால் இந்த ஒரு இணைப்பை மட்டும் ஏனோ அவள் துண்டிக்கவில்லை. தினமும் காலையில் அவர் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, காப்பியோடு மகளின் பனியில் போய் உட்காருவார்.

அன்று உள்ளே போனதும் வியர்த்துக் கொட்டியது. தலையில் மழை வேறு. ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு போன மாதம் அறையைப் பழுது பார்த்த மெக்கானிக் செல்வினை வரவழைத்தார்.

"என்னடே ரிப்பேர் பாத்த? வெளிய பெய்யுத மழைதான் உள்ளயும் பெய்யுது!"

செல்வின் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் பார்த்தான். "ஒண்ணும் கெடல்ல சார். ஒங்க மக இப்ப இருக்க எடத்து மழைதான் இது."

அப்போது இடி இடித்தது, வெளியேயும் உள்ளேயும் ஒரே நேரத்தில்.

ஞானசிகாமணி நனைந்துகொண்டே ஓடிப்போய்க் கேட்டைத் திறந்துவைத்தார். அந்த வாரம் முழுக்க அதைப் பூட்டவில்லை. அவளுக்குப் பிடித்த நெத்திலி அவியலைத் தினமும் வைத்தார். கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் வெளியே மழை விட்டபாடில்லை. கண்ணாடி அறைக்குள் பனி விழத் தொடங்கியிருந்தது.

அவர் ஸ்வெட்டரைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். கேட்டை மட்டும் பூட்டவில்லை.