மாடியில் கைதட்டினார்கள்

"அரை மணி நேரப் பேச்சு. கேட்டா காது தேஞ்சா போயிடும்? உன் வீம்புக்குப் பிள்ளையைத் தனியா உக்கார வைக்கப்போறியா?" என்று கேட்டுவிட்டுக் கணவன் கதிரவேல் வேலைக்குக் கிளம்பினான். பேசப்போகிற அந்தத் தலைவர் முன்பு அவர்கள் ஊரில் மேடையேறிப் பேசிப் போன மறுநாள்தான் நிர்மலாவுடைய அண்ணன் கடையைக் கொளுத்தினார்கள். அது கதிரவேலுக்கும் தெரியும்.

பள்ளியில் அவர் பேச்சைத் திரையில் காட்டப்போவதாகவும், விருப்பமில்லாத பெற்றோர் சொல்லிவிடலாம் என்றும் வாட்ஸப் குழுவில் செய்தி வந்திருந்தது. "என் மகளுக்கு வேண்டாம்" என்று எழுதினாள். "நல்லாச் சொன்னீங்கக்கா, நாங்களும் அதைத்தான் சொல்லப்போறோம்" என்று பள்ளி வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்ட இரண்டு பேரும், குழுவில் பள்ளியின் செய்திக்குச் சம்மதமாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.

மனம் கேட்காமல் பேச்சு நேரத்துக்குப் பள்ளிக்கே போய்விட்டாள். பிள்ளைகள் எல்லாரும் மாடி அரங்கில் இருந்தார்கள். கீழே, மின்விசிறிகூடப் போடாத வகுப்பில், அவள் மகள் பூங்குழலி மட்டும் தன் இடத்திலேயே கரும்பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தக் குரல் படிக்கட்டு வழியாகத் தெளிவாக இறங்கி வந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை.

மேலே கைதட்டினார்கள். பூங்குழலியும் தட்டினாள். அவர்கள் நிறுத்தியதும் நிறுத்தினாள். மறுபடி தட்டியபோது, மாடிக்குக் கேட்க வேண்டும் என்பதுபோல இன்னும் பலமாகத் தட்டினாள்.

ஜன்னலில் அம்மாவைக் கண்டதும் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள்.