விண்கலம் இறங்கிய ஃபேக்டரி

தேயிலை விலை விழுந்து மூடிய ஃபேக்டரியின் மாடியில், தான் எழுதி டிவிக்காரர்கள் எடுக்காமலே விட்ட விண்வெளித் தொடரை ஜீவா ஒலி நாடகமாகப் பதிவு செய்கிறான். விண்கல இரைச்சலுக்காகக் கொழுந்து வாட்டும் ராட்சத விசிறியை ஓடவிடுகிறான். மரத்தளம் அதிர்கிறது, பழைய தேயிலைத்தூள் எழும்பி, சன்னல் வெயிலில் கோடி நட்சத்திரங்களாய்ச் சுழல்கிறது. கேப்டனாக நடிக்கும் வாசுகி வாய் பிளந்து நிற்கிறாள். பிறகு மைக்கை நெருங்கி, ஆளற்ற கிரகத்தைப் பார்த்துக் கேட்கிறாள்: "இங்க யாராச்சும் உசுரோட இருக்கீங்களா?" கதவருகே மூச்சிரைப்பு. விசிறிச் சத்தம் கேட்டு, ஃபேக்டரி திறந்துவிட்டதென்று தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்து ஓடிவந்த பெண்கள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கும் முதுகில் கூடையுமாக நிற்கிறார்கள். முன்னால் நிற்கும் கருப்பம்மா, சுழலும் நட்சத்திரங்களிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறாள்: "இருக்கோமுங்க. எல்லாரும் இருக்கோம்."