சத்தம் வந்தா போதும்

“இப்ப கேக்குதா?” என்று சர்வீஸ்காரர் நாலாவது தடவையாகக் கேட்டார்.

“இல்ல” என்றான் கணவன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவிக்குப் பின்னால், அவள் தோளில் கை போட்டபடி நின்றிருந்தான். பாவம், மாடிப்படியில் உருண்டு விழுந்துவிட்டாள், நாலு நாளாக அண்ணனோடு பேசாமல் ஏங்கிப் போயிருக்கிறாள், அதனால்தான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு உங்களைக் கூப்பிட்டேன் என்று அவரிடம் உருகியிருந்தான். அவள் உதடு பிளந்து கறுத்திருந்தது.

“பாத்து நடக்கணும்மா” என்று சொல்லிவிட்டு அவர் வேலையில் குனிந்தார். மனுஷர் நல்லவர்தான், ஆனால் சொன்னதை அப்படியே நம்பிவிடுகிற ரகம்.

இந்த லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டது யார் என்று கேட்டார். நான்தான், கூட வேலை பார்க்கிறவன் ஒரு பென்டிரைவ் கொடுத்தான் என்றான் கணவன். அதுதான் அரைகுறையாக நிற்கிறது என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். வைஃபை எடுக்கவில்லை. சவுண்டு ஸ்பீக்கருக்கு வராமல் டிவிக்குப் போகிற வழியில் போய்க்கொண்டிருக்கிறது. மூடி வைத்தாலும் தூங்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. நல்லவேளை, கேமராவும் மைக்கும் பிழைத்தன.

தம் போனைக் கேபிளில் மாட்டி, அந்த நெட்டை வைத்தே வைஃபைக்கு வேண்டியதை இறக்கினார். பிறகு சவுண்டை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினார். அஞ்சாவது தடவை “இப்ப?” என்று அவர் கேட்டபோது டிங்கென்று மணி அடித்தது.

மூடினால் தூங்குவதையும் சரிசெய்துவிடலாம், அரைமணி நேரம் ஆகும் என்றார்.

“சத்தம் வந்தா போதும், நீங்க கெளம்புங்க” என்று கணவன் அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டான். தாழ்ப்பாள் போட்டான். திரும்பி வந்த வேகத்தில் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து மேசையில் மோதினான்.

“அவன் வர்றப்ப என்னடி அழுத மூஞ்சி?”

படியாவது, உருண்டு விழுவதாவது! அவன் அடித்த ஒவ்வொரு காயத்தையும் அவள் படமெடுத்து அந்த லேப்டாப்பில் சேர்த்து வைத்திருந்தாள். அது கண்ணில் பட்ட அன்றுதான் அவளை மாடியிலிருந்து தள்ளினான். அவள் போனைச் சுத்தியலால் நொறுக்கினான். ஒரு படம்கூட மிஞ்சக்கூடாதென்று லேப்டாப்பை அடியோடு துடைத்து லினக்ஸை ஏற்றினான். ஏற்றத் தெரிந்த மகராசனுக்கு ஓடவைக்கத் தெரியவில்லை.

அப்படியே போட்டு வைத்திருப்பான். ஆனால் காலையில் அவள் அண்ணனிடமிருந்து செய்தி வந்துவிட்டது. இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் தங்கச்சியின் முகத்தைக் காட்டு, இல்லாவிட்டால் போலீஸோடு வந்து நிற்பேன் என்று. கணவனிடம் இருந்ததோ பட்டன் போன். முகத்தைக் காட்ட அந்த லேப்டாப்பை விட்டால் வேறு நாதியில்லை.

முகம் இருட்டாகத் தெரியட்டும் என்று ஜன்னலுக்கு முதுகு காட்டி அவளை உட்காரவைத்தான். சுத்தியலை எடுத்துக்கொண்டு கேமராவில் படாமல் ஒதுங்கி நின்றான்.

“ஒரு வார்த்தை மாத்திப் பேசின, மண்டை ஒடையும்.”

அண்ணன் முகம் திரை முழுக்க வந்தது. போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, எனக்குக் கொஞ்சம் காய்ச்சல், அவர் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார், நீ ஆறு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வராதே என்று கணவன் சொல்லிக்கொடுத்தபடியே அவள் ஒப்பித்தாள். நடுவில் தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அதே ஹாரன் ஸ்பீக்கரிலும் அடித்தது. காசு வாங்கிக்கொண்டு எக்கோவை விட்டுவிட்டுப் போயிருக்கிறான் பார் என்று கணவன் மனசுக்குள் சர்வீஸ்காரரைத் திட்டினான்.

“சரிம்மா, ஒடம்பப் பாத்துக்க” என்றான் அண்ணன். அவன் இன்னும் ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் கணவன் எட்டி லேப்டாப்பைப் படாரென்று மூடினான்.

அவள் எழுந்திருக்கவில்லை. மூடிய லேப்டாப்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது சூடாக இருந்தது, உள்ளே ஃபேன் இரைந்துகொண்டிருந்தது.

“ஏன்டி குரல் நடுங்குச்சு?” என்று சுத்தியல் பிடியால் அவள் தோளில் ஓங்கிப் போட்டான். எலும்பில் பட்டு வலி உயிர் போனது. மற்ற நாளாக இருந்தால் மூலையில் சுருண்டு முகத்தை மூடிக்கொள்வாள். இன்றைக்கு நிமிர்ந்து கேட்டாள்.

“நான் படியில விழல. நீங்கதான தள்ளினீங்க?”

நாலு வருஷத்தில் அவள் அவனை எதிர்த்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவனுக்குத் தலைகால் புரியாத வெறி வந்தது.

“ஆமாடி, நான்தான் தள்ளினேன். அன்னைக்கே நீ செத்துத் தொலைஞ்சிருக்கணும். இன்னைக்கு மறுபடியும் அதே படியில விழப்போற. உன் படமெல்லாம் போச்சு. உங்கண்ணனுக்கும் நீயே சாட்சி சொல்லிட்ட. என்ன நடந்துச்சுன்னு எவனுக்குத் தெரியப்போவுது?”

சுத்தியலை ஓங்கினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள், லேப்டாப்பிலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை.

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவள் கைக்கு அடியிலிருந்து மச்சானின் குரல் வந்தது. அதே குரல், அதே நொடியில், தாழ்ப்பாள் போட்ட வாசல் கதவுக்கு வெளியிலிருந்தும் வந்தது.

“நல்லா கேக்குது மாப்ளே, கதவைத் திற.”