மஞ்சள் துணி கட்டிய முள்மரம்

கடப்பாரையை ஊன்றி நிமிர்ந்தபோதுதான், வேலியோரம் நின்ற சீமைக்கருவேல மரத்தில் மஞ்சள் துணி கட்டியிருப்பதைக் கலையரசி பார்த்தாள்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அரியலூர் ஏரிக்கரைப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடி, சீமைக்கருவேலத்தைத் தூரோடு தோண்டி எறிகிற கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். நம்மூர் மரமாக இருந்தால் மஞ்சள் துணி கட்ட வேண்டும். துணி இல்லாத மரமெல்லாம் வெட்டுக்கு. கூட்டத்தை நடத்துகிற ஓய்வுபெற்ற கண்டக்டர் அய்யம்பெருமாள் கண்டுபிடித்த வழி அது. மஞ்சள் துணி கட்டிய மரத்தில் நம் ஜனம் அருவாள் வைக்காது என்பது அவர் நம்பிக்கை.

துணி கட்டுகிற வேலை நர்மதாவுக்கு.

நர்மதா கலையரசியின் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. ஏழு மாதம். குனியக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது, கடப்பாரையைத் தொடவே கூடாது. அதனால் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகாராணி நகர்வலம் போவதுபோல் மரம் மரமாகப் போய் வந்தாள். அவள் உட்காருவதற்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நிழல் நிழலாக இடம் மாறியது. யாரோ இளநீர் சீவிக் கொடுத்தார்கள். யாரோ கொடுக்காப்புளி பறித்துக் கொடுத்தார்கள்.

இந்தக் கூட்டத்துக்கு அவளை அழைத்து வந்ததே கலையரசிதான். அது இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை.

கலையரசிக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிறது. அவளை யாரும் நிழலில் உட்காரச் சொன்னதில்லை. சொல்வதற்கு அவளிடம் காரணம் எதுவும் இல்லை. வெறும் வயிறுதானே, தோண்டட்டும் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் பெரிய பெரிய தூராக அவள் பங்குக்கே வந்தது, அல்லது வந்ததாக அவளுக்குப் பட்டது.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைக்கப் பார்த்து, ஒன்றும் பொருந்தாமல் விட்டுவிட்டாள். மாமியார் மீனின் நடுத்துண்டை நர்மதாவின் தட்டில் வைக்கும்போது எரிந்தது. தன் புருஷன் அறிவரசன் தம்பி பெண்டாட்டிக்கென்று மாதுளம்பழம் வாங்கி வந்தபோது இன்னும் எரிந்தது. இத்தனைக்கும் நர்மதா நல்லவள், யாரையும் எடுத்தெறிந்து பேசாதவள். சொல்லிக்காட்ட ஒரு குற்றமாவது கிடைக்காதா என்று கலையரசி ஏங்கிய நாள் உண்டு.

இதோ, கிடைத்துவிட்டது.

சத்தம் போட்டு எல்லோரையும் கூப்பிட்டாள். எந்த மரம் எதுவென்று தெரியாதவளிடம் பையைக் கொடுத்திருக்கிறீர்களே, நல்ல ஆளாகப் பார்த்தீர்கள் என்று அய்யம்பெருமாளிடம் கேட்டாள். குரலில் இருந்த குதூகலத்தை மறைக்கக்கூட அவள் மெனக்கெடவில்லை.

கூட்டம் வந்தது. முள்ளுக்குப் பயந்து தள்ளியே நின்றது. நர்மதாவும் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். கலையரசி முன்னால் போய், நன்றாகப் பாருங்கள் என்று கிளையை விலக்கினாள்.

விலக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நர்மதாவின் பையில் இருந்தது கடைவீதியில் புதிதாக வாங்கிக் கிழித்த துணி, கண்ணைப் பறிக்கிற மஞ்சள். இது வெளுத்து நைந்துபோயிருந்தது. கிளை பருத்ததில் முடிச்சு பட்டைக்குள் பாதி புதைந்திருந்தது. ஓரத்தில் விரற்கடை அகலத்துக்கு ஒரு அரக்குக் கரை.

பின்னாலேயே வந்த நர்மதா துணியைத் தொட்டாள். கரையைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு கலையரசியின் முகத்தைப் பார்த்தாள்.

"நாந்தான்க்கா கட்டுனேன்," என்றாள். "வன்னி மரம்னு நெனச்சுட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். இலையும் முள்ளும் பார்க்க வன்னி மாதிரியேதான் இருக்கும், ஏமாறாதவர்கள் யார் என்று ஒருவர் அவளுக்காகப் பரிந்து பேசினார். அய்யம்பெருமாள் அருவாளோடு முன்னால் வந்தார்.

"வெட்டாதீங்க சார். மாசமா இருக்கறவ கட்டுனது. இருந்துட்டுப் போவட்டும்."

புள்ளத்தாச்சி கேட்டு மறுக்கிற ஊரா இது? அவர் அருவாளைக் கீழே போட்டார். அந்த ஒரு மரம் மட்டும் நிற்கட்டும் என்று முடிவாயிற்று. நர்மதாவை நாற்காலிக்கு அழைத்துக்கொண்டு போனார்கள்.

கலையரசிக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. நர்மதாமேல் இதுவரை பட்ட பொறாமையை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் இந்த நொடிக்கு ஈடாகாது. வயிறுதான் அவளுக்கு வாய்த்தது என்று பார்த்தால், இந்த மனசும் அவளுக்கே வாய்க்க வேண்டுமா?

வீட்டு பீரோவில், அரக்குக் கரை போட்ட கலையரசியின் மஞ்சள் கூறைப்புடவையில் ஒரு முழம் கரை இல்லை. போன மாதம் பீரோவை ஒதுங்க வைத்தபோது அந்தப் புடவையைப் பிரித்து மடித்தவள் நர்மதா. கிழிந்த ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே வைத்தாள்.

அந்த ஒரு முழத்தைக் கலையரசி கிழித்தபோது நர்மதா இந்த வீட்டுக்கு வாழ வந்திருக்கவில்லை. பூங்கா அப்போது வெறும் புதர்க்காடு. வன்னியில் முடிந்துவிட்டு வந்தால் வயிறு திறக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, புருஷனுக்குக்கூடத் தெரியாமல் ஏரிப்பக்கமாக நுழைந்து முடிந்துவிட்டு வந்தாள். புதர் வெட்டி வெளியான பிறகு எந்த இடம் என்று அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

பூங்காவைச் சுத்தம் செய்ய ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவளுக்குப் பகீரென்றது. தன் வன்னியில் யாரும் அருவாள் வைத்துவிடக் கூடாதே என்றுதான், முதல் ஆளாக ஓடிவந்து இந்தக் கூட்டத்தில் சேர்ந்தாள்.